ஒழுங்கைக்குள் போகாத வான்

அரசாங்கம் சொல்வதைச் சனங்களுக்குச் சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தந்தார்கள். நான் சொல்லவில்லை. சொன்னதாக எழுதினேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதனால் ஒரு மணல் ஒழுங்கையில், ஒரு ஒடுக்கமான சந்தில், இருந்த சனம் பல மாதம் அரிசி இல்லாமல் கிடந்தது. ஆகவே எழுதுகிறேன். படிக்க இனிமையாக இருக்காது.

இரண்டாம் உலக யுத்த காலம். யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வளவில், பின்பக்கத்தில், பழைய காகிதக் கட்டுகள் போட்டு வைத்திருந்த இரண்டு அறைகளைத் துடைத்து வெள்ளையடித்து, தகவல் பகுதி என்று பலகை மாட்டினார்கள். தலைமை அதிகாரியாகப் பெரியவர் ஒருவர், நான், தட்டெழுத்துக்கு ஒருவர். கொஞ்சக் காலம் போக ஒரு வானும் அதற்குச் சாரதியும் வந்தார்கள். வானின் தலையில் ஒலிபெருக்கி. உள்ளே ஒரு கிராமபோன் பெட்டி.

நான் உடுப்பிட்டியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கிலீசு வரும். ஆனால் என்னை எடுத்தது அதற்காக அல்ல, தொண்டைக்காக. பெரியவர் ஒரு பத்திரிகைத் துண்டை என் கையில் தந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, தான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். திரும்பி வந்து, "ஐசே, உமக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

கொழும்பிலிருந்து அறிவித்தல்கள் இங்கிலீசில் வரும். இரவில் விளக்கை மறை, பதுங்குகுழி வெட்டு, வதந்தியை நம்பாதே, மரவள்ளி நடு, கிணற்றடியில் தண்ணீர் தேங்க விடாதே. நான் தமிழாக்குவேன். பெரியவர் திருத்துவார். திருத்துவது என்றால் விளங்குகிற சொல்லை எடுத்துவிட்டு விளங்காத சொல்லை வைப்பது. அரசாங்கம் கதைத்தால் அரசாங்கம் போல இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நீர்வேலியில் ஒருநாள் உணவுப் பயிர்ச் செய்கை பற்றி அரை மணித்தியாலம் வாசித்தேன். தோளில் வாழைக்குலையோடு ஒருவர் கடைசிவரை அசையாமல் நின்று கேட்டார். முடிந்ததும் கிட்ட வந்து, "தம்பி, எல்லாம் நல்லாய்ச் சொன்னீர். இப்ப வாழையைப் பிடுங்கச் சொல்லுறீரோ, நடச் சொல்லுறீரோ?" என்று கேட்டார். சாரதி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த மனிதருக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது.

எங்கள் வேலைக்கு ஒரு தினக்குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு தாள். கிராமம், நின்ற இடம், நேரம், அறிவித்தல் இன்னது என்று எழுத வேண்டும். அடியில் ஒரு வசனம் அச்சடித்தே இருந்தது: மேற்படி கிராமத்துச் சனங்கள் யாவருக்கும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது என்று உறுதி செய்கிறேன். அதன் கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் அந்தக் கிழமையின் எல்லா நாளுக்கும் உரிய தாள் முழுவதற்கும் ஒரே இருப்பில் கையெழுத்து வைத்துவிடுவேன். போவதற்கு முன்னமே. பெரியவருக்கும் அது தெரியும். எல்லாரும் அப்படித்தான் என்பார். 'யாவருக்கும்' என்ற சொல்லை நான் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை.

வான் எங்கே நிற்பது என்பதை அந்தந்த ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் தீர்மானித்தார்கள். கோயில் முன்வீதி, வாசிகசாலை, சந்தை. நல்ல இடங்கள், நிழல் இருக்கும், சனம் கூடும். அங்கே நிற்கக்கூடாத சனம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அவர்களுடைய சாதிப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாமலே யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். கோயில் வீதியால் போனால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டியவர்கள். வாசிகசாலைப் படியில் கால் வைக்க முடியாதவர்கள். நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். என் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தினபோது, என் தகப்பனார் இரண்டு கிழமை என்னைப் பள்ளிக்கு விடாமல் மறித்து வைத்திருந்தார். அந்த இரண்டு ஞாயிறும் தேவாலய முன்வாங்கில் இருந்து அயலானை நேசிப்பது பற்றிப் பாடினவர். ஆகவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு யோசிக்காமல் இருந்தேன். எங்கள் ஊரில் அது ஒரு பழக்கம், வெற்றிலை போடுவது போல.

வான் வர முன்னம் ஊரில் அறிவித்தல் என்றால் பறைதான். விதானையார் பறையடிக்கிற ஆளுக்குச் செய்தியைச் சொல்லிவிடுவார். அவன் பறையைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி, தெருத் திரும்புகிற முடக்குக்கு முடக்கு நின்று, நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவான். வான் வந்த பிறகு பெரியவர் என்னிடம், இனித் தேவையில்லாத பழைய முறைகள் பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். பறையடித்து அறிவிக்கும் முறை காலத்துக்கு ஒவ்வாதது, செய்தியைச் சிதைப்பது, நாகரிகத்துக்கு இழுக்கு, அதை உடனே நிறுத்தலாம். பெரியவர் அதில் ஒரு சொல்லும் திருத்தவில்லை. அதுவரை அவர் திருத்தாத ஒரே எழுத்து அதுதான். அடுத்த மாதம் எல்லா ஊர்களிலும் பறையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போனது.

அதன் பிறகுதான் கூப்பன் புத்தகங்களைப் புதிதாகப் பதிகிற வேலை வந்தது. அரிசி கூப்பனுக்குத்தான். பழைய புத்தகம் இனிச் செல்லாது, குடும்பத் தலைவர்கள் இன்ன நாளில் விதானையார் வளவுக்கு வந்து வீட்டில் உள்ளவர்களின் பெயரைச் சொல்லிப் பதிந்தால்தான் புதியது கிடைக்கும், பதியாதவர்களுக்குச் சங்கக்கடையில் அரிசி இல்லை. இதைவிட முக்கியமான அறிவித்தல் என் கையில் வந்ததில்லை.

சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஒரு ஊர். புகையிலையும் மரக்கறியும். ஊர்ப் பெயர் வேண்டாம். கோயில் முன்வீதியில் வானை நிறுத்தினோம். முதலில் இரண்டு பாட்டுப் போடுவது வழக்கம், சனம் கூடுவதற்கு. பாட்டு முடிந்து நான் வாசித்தேன். விதானையார் கதிரை போட்டு இருந்து கேட்டார். பிறகு இளநீர் வெட்டித் தந்தார்.

வானைத் திருப்பும்போது சாரதி, பனங்கூடலுக்குள் இறங்குகிற ஒரு மணல் ஒழுங்கையைக் காட்டி, "உங்காலை ஒரு குடியிருப்புக் கிடக்கல்லே? உங்கை போறேல்லையோ?" என்று கேட்டான்.

விதானையார் சொன்னார்: "உதுக்குள்ளை வானை விட்டால் சில்லுப் புதைஞ்சு போம், தம்பி. பிறகு உவங்களைத்தான் கூப்பிட்டுத் தள்ளவேணும். நான் சொல்லிவிடுறன். நீர் போம்."

"கட்டாயம் சொல்லிவிடுங்கோ, ஐயா," என்றேன்.

"என்ரை ஊர்ச் சனத்துக்கு நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது?"

அவ்வளவுதான். தினக்குறிப்பில் கையெழுத்துத் திங்கட்கிழமையே வைத்தாயிற்று.

ஆறேழு கிழமை கழித்து ஒரு பெண் வந்தாள். கச்சேரி விறாந்தையின் ஓரத்தில், படியில் ஏறாமல், கீழே வெயிலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். விடிய முன்னம் வெளிக்கிட்டு நடந்தே வந்திருக்கிறாள். முதலில் உணவுக் கட்டுப்பாட்டுக் கந்தோருக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த கிளாக்கர், அறிவிக்கப்பட்டது, இதோ உறுதி என்று தாளைக் காட்டி, கையெழுத்து வைத்த ஆள் பின்பக்கத்து அறையில் இருக்கிறார், அவரைப் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். அந்தக் கிளாக்கருக்கு அது பகிடி.

"நயினார், நீங்களே எங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள்.

நான் கிறிஸ்தவன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், உயர்ந்த சாதிக்காரரைக் கூப்பிடுகிற அந்த நயினார் என்றுதான் சொல்லியிருப்பாள். நானும் அப்படிச் சொல்லாதே என்று சொல்லவில்லை.

"என்ன சொன்னது?"

"கூப்பன் புத்தகம் மாத்துறது. சங்கக்கடையிலை பழசைத் திருப்பி எறிஞ்சு போட்டினம். எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தரிட்டையும் புதுசு இல்லை. நாப்பது வீடு கிடக்கு நயினார்."

"ஊரிலை வான் வந்து சொன்னதெல்லே? பாட்டுப் போட்டது கேக்கேல்லையோ உங்களுக்கு?"

"பாட்டுக் கேட்டது."

"பிறகென்ன?"

"கோயிலடியிலை எல்லே கேட்டது."

நான் விளங்காமல் பார்த்தேன். ஒரு மந்தனுக்குச் சொல்வது போல அவள் நிறுத்தி நிறுத்தி ஆறுதலாகச் சொன்னாள்.

"கோயிலடியிலை பாட்டுப் போட்டால் திருவிழா. இல்லாட்டில் ஆரும் பெரியாக்கள் வந்திருப்பினம். நாங்கள் உதுக்குக் காது குடுக்கிறேல்லை. பொடியள் வேலியடிக்கு ஓடினதுகள். என்ரை மாமிதான், 'உது எங்களுக்கில்லை, உள்ளை வாங்கோடா' எண்டு பேசி இழுத்துக் கொண்டந்தவ."

அறிவித்தல் அவர்களின் காதில் விழுந்திருக்கிறது. ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. வாய் என்னுடையது, பெரிய தொண்டை. என்ன பிரயோசனம்? அந்த ஊர் தொடங்கின நாளிலிருந்து கோயில் வீதியில் சொல்லப்பட்ட ஒரு சொல்லும் அவர்களுக்காகச் சொல்லப்பட்டதில்லை. பிள்ளைகளை உள்ளே இழுத்த அந்த மாமியார்க் கிழவி செய்தது சரி. அவள் அறிந்த ஊரில் அதுதான் சரி.

"விதானையார் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு, "மாமிக்குத்தான் கரைச்சல், நயினார்," என்றாள். "நாங்கள் பனை ஒடியலையும் மரவள்ளியையும் திண்டு கிடப்பம். அவவுக்கு உது ஒண்டும் வயித்திலை நிக்குதில்லை. ரெண்டு பிடி அரிசியிலை கஞ்சி வைச்சுக் குடுத்தால் எழும்பி இருப்பா. நீங்கள் சொல்லேல்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தால் புத்தகம் தரலாமாம். அங்கை இருக்கிற ஐயா சொன்னவர்."

அது உண்மை. கந்தோர் ஒழுங்குவிதியில் அப்படி ஒரு வழி இருந்தது. அறிவித்தல் போகாத பகுதி என்று தகவல் பகுதி எழுதிக் கொடுத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு நாள் விசேஷமாகப் பதியலாம். ஒரு வரி. அதை எழுத வேண்டியவன் நான். அடுத்த பொதுப் பதிவு வர அரை வருஷம் கிடந்தது.

அவளை நாளைக்கு வா என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு மனிதனாக இருந்தேன். பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பெரியவரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஐசே, நீர்தானே சைன் வைச்சது?" என்றார்.

"ஓம் சேர்."

"யாவருக்கும் எண்டு கிடக்கு. இப்ப இல்லை எண்டு எழுதினால், மற்ற ஊர்த் தாளுகளையும் எடுத்துப் பாப்பினம். உமக்கு எத்தினை தாள் கிடக்கு?"

நான் மனதுக்குள் தாள்களை எண்ணத் தொடங்கினேன்.

"உம்மடை கன்பர்மேஷன் கொழும்பிலை கிடக்கு. அதுவும் ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. இரண்டு வருஷமாகத் தற்காலிக உத்தியோகத்தன். நிரந்தர நியமனத்துக்குப் பெரியவர்தான் எழுதியிருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகுட்டிக்காரர், யாரையும் அடித்ததில்லை, களவெடுத்ததில்லை. கெட்டவனாக இருக்க இதெல்லாம் தேவையே இல்லை என்று எனக்குப் பிறகு விளங்கியது. அவரைப் பார்த்து மட்டும் அல்ல.

அந்தக் கிழமை சந்தையில் பழைய பறைக்காரனைக் கண்டேன். அவனும் அந்த ஊர்தான். கயிற்றுக் கட்டு விற்றுக்கொண்டிருந்தான். நரைத்த தலை, வெடுக்கென்ற கதை. நான் அந்த ஒழுங்கையைப் பற்றிக் கேட்டேன். நீ முன்பு அங்கே போவாயா?

"போறதோ? முதல் அங்கைதானே நயினார் போறது. கோயிலடிக்குக் கடைசியிலைதான்."

"ஏன்?"

"அங்கை கள்ளுக் கிடைக்கும். வெறும் தொண்டையோடை பெரியாக்களுக்கு முன்னாலை நிண்டு கத்தேலுமோ? ரெண்டு பிளா குடிச்சுப் போட்டு, அவைக்குச் சொல்லிப் போட்டு, பிறகுதான் ஊருக்குள்ளை ஏறுவன். விதானையாற்றை பெண்சாதிக்குத் தெரியமுன்னம் அந்த ஒழுங்கைக்குத் தெரிஞ்சிடும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நயினாற்றை பெட்டி கள்ளுக் குடிக்காதாக்கும்."

பக்கத்தில் இருந்த வெற்றிலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னை நிப்பாட்டச் சொல்லி எழுதினது ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏச்சு வாங்க விரும்பினேனோ என்னவோ.

"ஆரோ படிச்ச ஆள் எண்டு சொல்லிச்சினம்," என்றான். "படிச்ச ஆக்கள் எழுதினால் நல்லதுக்குத்தானே நயினார்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். என்னை அதற்கு மேல் பார்க்கவில்லை.

நாகரிகத்துக்கு இழுக்கு என்று எழுதினவன் நான். இரண்டு ஓலைப் பிளாக் கள்ளுக்காக ஒருவன் செய்த வேலையை, ஒலிபெருக்கியும் வானும் மூன்று உத்தியோகத்தரும் சேர்ந்து செய்ய முடியவில்லை.

அப்போதாவது அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். நான் எழுதியது வேறு. அன்று கச்சான் காற்றுப் பலமாக வீசியபடியால், குடியிருப்பின் ஒரு பகுதிக்கு ஒலி தெளிவாக எட்டாமல் போயிருக்கக்கூடும். காற்றின் மேல் பழியைப் போட்டேன். காற்றுக்குக் கன்பர்மேஷன் இல்லை. பெரியவர் வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "உதுதான் ஐசே. ஒருத்தருக்கும் நோகாது."

உணவுக் கட்டுப்பாட்டுக் கந்தோர் மூன்று கிழமை கழித்துப் பதில் போட்டது. காற்று என்பது ஒழுங்குவிதியில் ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை. கிராமத் தலைமைக்காரர் உறுதிப்படுத்தினால் மேலும் கவனிக்கலாம். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு விதானையாரிடம் போனேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நான் சொல்லேல்லை எண்டோ எழுதச் சொல்லுறீர்?"

"நீங்கள் சொன்னீங்களோ, ஐயா?"

"தம்பி, உமக்கு எத்தினை வயசு? நான் சொல்லேல்லை எண்டு என்ரை கையாலை எழுதினால், நாளைக்கு என்னை ஆர் விதானை எண்டு மதிக்கிறது? உவங்கள் மதிப்பாங்களோ?" பேனையை எடுத்து அந்த இடத்திலேயே எழுதினார்: நான் நேரில் அறிவித்தேன், அவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். கையெழுத்து, முத்திரை. இளநீர் தரவில்லை.

அந்தக் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழித்து எறிந்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

அவள் இரண்டாம் முறையும் வந்தாள். இந்த முறையும் படியில் ஏறவில்லை. மாமிக்குக் கால் வீங்கிவிட்டது என்றாள். ஊரில் ஒரு வீட்டில் நெல்லுக் குத்தப் போனால் குறுநொய் கொஞ்சம் தருவார்களாம், அதில் கஞ்சி வைக்கிறேன், ஆனால் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்குதுகள் என்றாள். அழவில்லை. குறை சொல்லவும் இல்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்க வந்தாள், அவ்வளவுதான்.

அவள் போனவுடன் உட்கார்ந்து எழுதினேன். மணல் ஒழுங்கையில் உள்ள குடியிருப்புக்கு நான் போகவில்லை. அங்கே அறிவிக்கவில்லை. தினக்குறிப்பில் உள்ள உறுதி பிழை. மூன்று வசனம். பெரியவர் திருத்த இடம் வைக்காமல் நெருக்கி எழுதினேன்.

அவர் அதை வாசித்தார். கோபிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்துச் சாத்தினார்.

"கன்பர்மேஷன் வரட்டும். அடுத்த நாள் அனுப்புவம். என்ன அவசரம்?"

இந்த இடத்தில் நான் பெரியவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடலாம். எனக்குத் தெரிந்த பலர் தங்கள் உத்தியோகக் கதைகளை அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் உணவுக் கட்டுப்பாட்டுக் கந்தோர் எங்கள் அறையிலிருந்து முப்பது கெஜம் தூரம். இன்னொரு தாளில் அதே மூன்று வசனத்தை எழுதி நடந்து போய்க் கொடுத்திருக்கலாம். யாரும் என் காலைக் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வாசலைக் கடந்துதான் சாப்பாட்டுக்குப் போனேன். சம்பலும் சோறும். லாச்சி சாத்தியே கிடந்தது. பெரியவர் சாத்தி வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மாதங்கள் போயின. நியமனம் வந்தது. அதே கிழமை அடுத்த பொதுப் பதிவுக்கான அறிவித்தலும் வந்தது. பெரியவர் லாச்சியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து, "இனி உது தேவையில்லைத்தானே, எல்லாருக்கும் புதுசாப் பதியுது" என்று என்னிடமே திருப்பித் தந்தார். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த ஊருக்குப் போனபோது, வானைக் கோயிலடியில் விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் நடந்து போனேன். சாரதியும் கூட வந்தான். சில்லுப் புதைகிற மணல்தான், அதில் விதானையார் பொய் சொல்லவில்லை. வீடு வீடாக, படலைக்கு வெளியே நின்று, சாதாரணத் தமிழில் சொன்னேன். நாளையின்றைக்கு விதானையார் வளவில் பதிவு, எல்லாரும் வர வேண்டும். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஓம் நயினார், ஓம் நயினார் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதிவு நாள் நானும் வானில் போய் நின்றேன். காலை பத்து மணி வரைக்கும் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஊர்ச் சனம் பதிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. விதானையார் என்னைப் பார்த்து, "பாத்தீரே, நான் எழுதினது சரிதானே? அசட்டை" என்றார். நான் ஒழுங்கைக்கு ஓடினேன். முதல் வீட்டில் ஒரு கிழவன் பாளைக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் ஒருத்தரும் வரேல்லை? நான் வந்து சொன்னனான் எல்லே?"

"சொன்னியள் நயினார்."

"பிறகு?"

கிழவன் கத்தியைத் திருப்பி மற்றப் பக்கம் தீட்டினான். "போனமுறையும் நீங்கள் சொன்னதாத்தானே கந்தோரிலை எழுதிக் கிடந்ததாம். வேலையை விட்டுட்டு விதானையாற்றை வளவிலை போய் நிண்டு, இல்லை எண்டு கலைச்சு விட்டால் ஆருக்கு வெக்கம்? அவன் வந்து சொன்னால் போவம் எண்டு இருக்கிறம்."

அவன் என்றால் பறைக்காரன். சாரதியை அனுப்பி அவனைக் கூப்பிட்டேன். அவன் பறையோடு வந்தான். என்னைப் பார்த்து, "கச்சேரியிலை நிப்பாட்டினதெல்லே நயினார்? நான் அடிச்சுப் பிறகு விதானையார் எனக்கு அடிக்கிறதோ?" என்று கேட்டான். அடி, நான் சொல்கிறேன் என்றேன். ஒழுங்கை முடக்கில் நின்று அடித்தான். நாலு வார்த்தை. ஐந்து நிமிஷத்தில் படலைகள் திறந்தன.

விதானையார் வளவில் அவர்களை வேலிக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்துத்தான் பதிந்தார்கள். நான் வேலியோரம் நின்று ஒவ்வொருவராகக் கேட்டு உள்ளே இருந்த கிளாக்கருக்குச் சொன்னேன். என் தொண்டை அதற்கு நன்றாக உதவியது. மத்தியானம் தாண்டி அவள் வந்தாள். கிளாக்கரின் கையில் பழைய கூப்பன் புத்தகங்களின் பதிவு இருந்தது. அவளுடைய வீட்டுக்கு ஆறு பெயர்.

அவள் தன் பெயர், புருஷன் பெயர், மூன்று பிள்ளைகளின் பெயர் சொன்னாள். நிறுத்தினாள்.

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்று கிளாக்கர் உள்ளேயிருந்து கத்தினார்.

"அவ்வளவுதான்," என்றாள்.

நான் உள்ளே பார்த்து, ஐந்து என்றேன். கிளாக்கர் ஒரு பெயரை வெட்டினார்.

அந்தக் கிழவி அரிசி இல்லாததால்தான் செத்தாள் என்று நான் சொல்ல முடியாது. வயது போனவள், நோய் வருத்தக்காரி. அரிசி கிடைத்திருந்தால் இருந்திருப்பாள் என்றும் சொல்ல முடியாது. இந்தச் 'சொல்ல முடியாது' எனக்கு ஒரு நாளும் ஆறுதல் தந்ததில்லை.

அவள் போகாமல் நின்றாள். மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். மாமியின் பழைய கூப்பன் புத்தகம். மூலைகள் மடிந்து, எண்ணெய் பிடித்து.

"செத்த ஆக்களின்ரை புத்தகத்தை வீட்டிலை வைச்சிருந்தால் குற்றம் எண்டு சொல்லுகினம், நயினார். உதை ஆரிட்டைக் குடுக்கிறது?"

அதற்கும் ஒரு அறிவித்தல் இருந்தது. நான்தான் தமிழாக்கினேன், எத்தனையோ கோயிலடிகளில் வாசித்திருக்கிறேன்.

"விதானையாரிட்டை," என்றேன்.

அவள் வேலிக்கு வெளியே நின்றபடி கையை நீட்டினாள். விதானையார் எழும்பவில்லை. நான் வாங்கி உள்ளே கொடுத்தேன்.